ஞாபகம் இருக்க வேண்டிய இடத்தில் காந்தம்: எட்டுத் துண்டு மூளை மாடல், இரண்டு வருடம் கழித்து

நியூரோசயின்ஸ் படிக்கச் சேர்ந்த முதல் வாரமே ஆர்வக்கோளாறில் வாங்கியது இந்த பிளாஸ்டிக் மூளை. வந்த அன்று எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். இப்போது நான்காவது செமஸ்டர் முடிந்துவிட்டது. மூன்று போடுகிறேன், அதில் ஒன்று பழகிய பாசத்துக்காக.

ஆளளவு மூளை, எட்டுத் துண்டு. ஒரு பாதிக்கு நான்கு: நெற்றி மடலும் உச்சி மடலும் சேர்ந்தது ஒன்று, பொட்டு மடலும் பிடரி மடலும் சேர்ந்தது ஒன்று, மூளைத்தண்டில் பாதி, சிறுமூளையில் பாதி. மடலுக்கு ஒரு நிறம். துண்டுகளைக் காந்தம் பிடித்துக்கொள்கிறது. கூடவே ஒரு ஸ்டாண்டு, எண்களுக்கு விளக்கம் சொல்லும் ஓர் அட்டை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் மூளையைப் பக்கவாட்டில் காட்டுவார்கள், அடுத்த பக்கத்தில் கீழிருந்து, அதற்கடுத்து குறுக்கே வெட்டி. மூன்றும் ஒரே பொருள்தான் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. மாடலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரே ராத்திரியில் ஏறிவிட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டப் பழகினேன். சென்ட்ரல் சல்கஸ் என்ற பள்ளத்தில் விரலை ஓட்டி, அதற்கு முன்னால் இருக்கும் மடிப்பில் நின்றால் அசைவு, பின்னால் இருக்கும் மடிப்பில் நின்றால் தொடு உணர்ச்சி. அந்த மடிப்புகளில் உடம்பு தலைகீழாகப் படுத்திருக்கிறது: கால் உச்சியில், இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடுக்குக்குள் மடிந்துபோய், முகம் கீழே பக்கவாட்டில். இதை நான் மனப்பாடம் செய்யவில்லை, விரல் படித்துக்கொண்டது. தேர்வு அறையில் வெறும் மேசையில் விரல் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து கண்காணிப்பாளர் இரண்டு முறை அருகில் வந்து போனார்.

சிறுமூளைத் துண்டுகளும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு கைக்குள் அடங்கும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்று 2009-இல் கணக்கிட்டார்கள். அதில் ஏறத்தாழ 6,900 கோடி இந்தப் பின்பக்கச் சின்ன உருண்டைக்குள்தான். எடையிலோ மூளையில் பத்தில் ஒரு பங்குதான். பார்க்க வருகிறவர்களிடம் முதலில் அந்தத் துண்டைத்தான் நீட்டுவேன்.

இனி குறைகள். சின்னது முதலில்: இடப்பக்க மூளைத்தண்டின் காந்தம் மூன்றாம் மாதமே பெயர்ந்தது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன், அவசரத்தில் காந்தத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். அதிலிருந்து அந்தத் துண்டு மற்ற பாதியைக் கண்டாலே விலகி ஓடுகிறது. காந்தம் கழன்றது அவர்கள் தப்பு, தள்ளிவிடுவது என் தப்பு.

எண் விஷயம் இன்னும் எரிச்சல். மூளையின் மேல் அடுக்கான புறணியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஜெர்மன் ஆய்வாளர் பிராட்மன் 1909-இல் கொடுத்த எண்களைத்தான் துறையில் இன்றும் பேசுகிறார்கள். 17 என்றால் முதல்நிலைப் பார்வைப் பகுதி, பிடரியில். 44, 45 என்றால் பேச்சுக்கான புரோகா பகுதி. ‘டான்’ என்ற ஒரே அசையைத் தவிர அநேகமாக எதுவும் பேச வராத நோயாளியின் மூளையைப் பார்த்து 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் புரோகா சொன்ன இடம். இந்த மாடலிலும் எண்கள் உண்டு, ஆனால் தயாரித்தவர் தன் இஷ்டத்துக்குப் போட்டவை. இதில் 17 என்றால் மூளைத்தண்டின் நடுவில் இருக்கும் பான்ஸ்! வைவாவில் பதினேழு எங்கே என்று கேட்டதும் நான் மூளைத்தண்டைத் தொட்டேன். ஆசிரியர் சிரிக்கக்கூட இல்லை. வாங்கினால் முதல் வேலையாக அந்த எண் ஸ்டிக்கர்களை உரித்துவிடுங்கள்.

பெரிய தப்பு நான்காவது நரம்பு, டிராக்லியர். பன்னிரண்டு ஜோடி மண்டை நரம்புகளில் மூளைத்தண்டின் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்படுவது இது ஒன்றுதான். இருப்பதிலேயே மெல்லியது. பின்னால் கிளம்பி, எதிர்ப்பக்கம் தாவி, தண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, கண்ணின் ஒரே ஒரு தசையை இயக்குகிறது. அதனால் இந்த நரம்பு தொடங்கும் செல் கூட்டம் (கரு என்பார்கள்) வலப்பக்கம் சேதமானால் தடுமாறுவது இடக்கண். இவ்வளவு சுவாரசியமான நரம்பை இந்த மாடலில் மூன்றாவது நரம்புக்குப் பக்கத்தில், முன்பக்கமாகவே, மஞ்சள் குச்சி மாதிரி ஒட்டி வைத்திருக்கிறார்கள். செய்முறைத் தேர்வில் நானும் அப்படியே எழுதிவைத்தேன். விரல் கற்றதை அழிப்பது கண் கற்றதை அழிப்பதைவிடக் கஷ்டம், எனக்கு ஒரு மாதம் ஆனது.

அறைத்தோழி வணிகவியல் படிக்கிறாள். ஒருநாள், “ஏண்டி, இதுல ஞாபகம் எங்க இருக்கு?” என்று கேட்டாள். ஒரே இடத்தில் இல்லை, ஆனாலும் இதைப் பார் என்று ஹெச்.எம். என்ற நோயாளியின் கதையைச் சொன்னேன். வலிப்புக்காக 1953-இல் இரண்டு பக்கமும் பொட்டு மடலின் உட்பகுதியை, புது ஞாபகம் பதிய உதவும் ஹிப்போகேம்பஸின் முன்பகுதியோடு, அகற்றினார்கள். பழசு பெரும்பாலும் இருந்தது. புதிதாக யாரைச் சந்தித்தாலும் சில நிமிடத்தில் மறந்துவிடும். ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முன்பு வரைந்ததே நினைவில்லாமல். சொல்லிக்கொண்டே ஹிப்போகேம்பஸைக் காட்டப் பொட்டு மடலைக் கழற்றினேன். உள்ளே வழவழவென்று வெள்ளைப் பிளாஸ்டிக், நடுவில் ஒரு காந்தம். “ஓ, இதுதானா” என்றாள்.

இன்சுலாவும் கிடையாது. நிஜ மூளையில் பக்கவாட்டுப் பிளவை விரலால் விலக்கினால் தெரியும். இதில் பிளவே பெயருக்குக் கீறிய கோடுதான்.

உண்மையில் நான் ஏமாந்தது லேபில். முதல்முறை நிஜ மூளையைக் கையில் வாங்கியபோது, இத்தனை மாதம் பழகிய தைரியத்தில் நானே முந்திக்கொண்டு போனேன். ஃபார்மலின் நெடியில் கண் எரிந்தது. மாடலைத் தூக்கிப் பழகிய கைக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேலான கனம் திடுக்கென்றது. சிவப்பும் இல்லை நீலமும் இல்லை, எல்லாம் ஒரே வெளிர்பழுப்பு. மேலே ரத்தக்குழாயும் சவ்வும் படர்ந்திருக்க, என் சென்ட்ரல் சல்கஸைக் காணோம். மடலுக்கு மடல் எல்லை என்பதெல்லாம் நாம் வைத்த பெயர்தான் என்று அப்போதுதான் உறைத்தது. புறணியில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கிறது, பிளாஸ்டிக்கில் அதற்கு இடமே இல்லை.

இரண்டாம் வருடம் இதற்கு வேலை கிடையாது. பாடம் வேறு பக்கம் போய்விடும்: கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் சோதித்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் எழுதிய சமன்பாடுகள், சும்மா இருக்கும் நியூரானின் மைனஸ் 70 மில்லிவோல்ட், அதன் சவ்வில் சோடியம் நுழையும் வாசல் எப்போது திறக்கும், பைத்தானில் அதை எப்படி எழுதுவது. எந்தத் துண்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை, எது எதோடு பேசுகிறது என்றுதான் கேட்கிறார்கள். என் மாடல் அந்த வருடம் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டும் ஸ்டாண்டாக இருந்தது. அந்த வேலைக்கு ஐந்து நட்சத்திரம் தாராளமாகத் தரலாம்.

வாங்குவதென்றால் முதல் செமஸ்டரிலேயே வாங்குங்கள். பொட்டு மடலுக்குள் ஹிப்போகேம்பஸ் இருக்கிறதா, மூளைத்தண்டின் முதுகில் நான்காவது நரம்பு இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் இருந்தால் நிறம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

என்னுடையதைப் போன வாரம் ஒரு ஜூனியருக்குக் கொடுத்துவிட்டேன். எண்களை உரித்து, மஞ்சள் குச்சியைப் பிடுங்கி, தண்டின் பின்பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து ‘நாலு இங்கே’ என்று எழுதித்தான் கொடுத்தேன். நேற்று வந்து, “அக்கா, இந்தத் துண்டு மட்டும் ஒட்டவே மாட்டேங்குது” என்கிறாள்.