80 வாட் லேசர் மிஷின்: வெட்டில் குறையில்லை, கூட வரும் தண்ணீர்ப் பெட்டிதான் பிரச்சினை

வள்ளியூரில் ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர் கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணாச்சி, 80 வாட் மிஷின் வெல எறங்கிட்டுன்னு சொல்லுதாவ. வாங்கிப் போட்டுறலாமா?” கண்ணாடிக் குழாயை மாற்றி முடித்த கையோடு கேள்வி வந்ததால், பதிலை எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

அக்ரிலிக்கும் மரப் பலகையும் வெட்டும் இந்த மிஷின் எல்லோரும் அறிந்ததுதான். 1300க்கு 900 மி.மீ. மேசை, லேசர் ஒளி உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு கண்ணாடிக் குழாய், மூன்று மிரர், 2 இஞ்ச் லென்ஸ். வெட்டைப் பற்றிக் குறை சொல்ல மனசாட்சி இடம் தராது. 5 மி.மீ. காஸ்ட் அக்ரிலிக்கை நிதானமான வேகத்தில் வெட்டினால் ஓரம் பாலீஷ் போட்டது மாதிரி வந்துவிடும், தேய்க்கும் வேலையே இல்லை. 3 மி.மீ. எம்டிஎஃப் எனும் மரத்தூள் பலகையில் பல் பல்லாக வெட்டிக் கோர்க்கும் பெட்டி, பள்ளி ஆண்டு விழா ஷீல்டு, கொடை விழாவுக்கு நினைவுப் பரிசு, வீட்டுப் பெயர்ப் பலகை எல்லாம் ஒரே மேசையில் முடிகிறது. உருண்டைப் பொருளைச் சுழற்றும் ரோட்டரி மாட்டினால் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைசல் மரச் சாமானில்கூடப் பெயர் பொறிக்கலாம். இதுவரை சொன்னதில் ஒரு வார்த்தை கூட மிகையில்லை.

என் கோபமெல்லாம் தண்ணீர் மேல். இன்னும் சரியாகச் சொன்னால், மிஷினோடு சேர்த்துத் தள்ளிவிடப்படும் அந்தத் தண்ணீர்ப் பெட்டி மேல்.

குழாய்க்குள் போகும் மின்சாரத்தில் ஒளியாக வெளிவருவது சிறு பங்குதான். மீதி அத்தனையும் வெப்பம், அதைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு வெளியே வர வேண்டும். தண்ணீர் 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் குழாய் நிம்மதியாக இருக்கும். 30 டிகிரி தாண்டினால் ஒளியின் வலு குறையும், ஆயுளும் குறையும். மலிவு விலை மிஷினோடு வருவது பெரும்பாலும் 3000 என்ற எண் போட்ட பெட்டி. பில்லில் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் பெட்டி, என்றே இருக்கும். உள்ளே ஃபிரிட்ஜில் இருப்பது மாதிரி கம்ப்ரசர் கிடையாது. ஒரு பம்ப், ஒரு ரேடியேட்டர், ஒரு ஃபேன், அவ்வளவுதான். அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக அதனால் எந்த நாளும் முடியாது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் தகரக் கூரைக்கு அடியில் மத்தியானம் அறையே 38 டிகிரிக்கு மேல் நிற்கும். அப்போது தண்ணீர் 40 டிகிரியைத் தொடும். குளிர்ந்த ஊருக்கு இந்தப் பெட்டி சரிப்படலாம். இந்தச் சீமைக்கு விற்பது அநியாயம்.

இதன் விளைவு நேரடியாகத் தெரிவதில்லை, அதுதான் வினை. காலையில் சுத்தமாக வெட்டிய அதே ஃபைல் மத்தியானம் அடிவரை இறங்காது. ஆபரேட்டர் பவரை 60 சதவீதத்திலிருந்து 75க்கு ஏற்றுவார். கரண்ட் கூடும், குழாய் இன்னும் சூடாகும், வெட்டு இன்னும் குறையும். லென்ஸ் போய்விட்டது என்று லென்ஸை மாற்றுவார்கள், மிரரைத் திருப்புவார்கள். மறுநாள் காலையில் தானாகச் சரியாகிவிடும். காலையில் வெட்டி மத்தியானம் வெட்டவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் டிகிரி. அடுத்தது மில்லி ஆம்பியர் மீட்டர். மீட்டர் இல்லாத மிஷினில் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். குழாயின் லேபிளில் அதிகபட்சக் கரண்ட் எழுதியிருக்கும், அதில் முக்கால் பங்குக்குள் ஓட்டினால் குழாய் நீடிக்கும். திரையில் தெரியும் சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஐஸ் பாட்டிலைத் தொட்டியில் போடுவதையும் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சூடான கண்ணாடியில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் ஏறினால் உள்குழாய் விரிசல் விடும். விரிசல் விட்ட குழாயை ஒட்டிப் பயன்படுத்த வழியே இல்லை.

ஆகவே கம்ப்ரசர் உள்ள 5000 அல்லது 5200 வகைதான் வேண்டும். 80 வாட்டுக்கு 5200 என்றால் மனம் நிம்மதி. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பல பெட்டிகள் தானியங்கி முறையில் அமைக்கப்பட்டு வரும். அதாவது, அறை வெப்பத்தைவிட இரண்டு டிகிரி குறைவாகத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். வெயிலில் அது 30 டிகிரிக்குக் கீழே வராது. கம்ப்ரசருக்குக் காசு கொடுத்துவிட்டு ரேடியேட்டர் பலனை வாங்கிய கதை. கையேட்டைப் பார்த்து நிலையான வெப்பம் என்ற முறைக்கு மாற்றி எண்ணை நீங்களே வையுங்கள்.

எந்த எண் என்பதில்தான் கவனம் வேண்டும். குறைய வைத்தால் நல்லது என்று 18 டிகிரி வைக்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் குழாயை எரிக்கிறார்கள். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது குளிர்ந்த குழாயின் மேல் பனி கோர்க்கும். குழாய் முனையில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். ஈரத்தின் வழியே பொறி பறந்து பவர் சப்ளையும் சேர்ந்து போகும். கணக்கு இதுதான்: அறை 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்ற கோடை மத்தியானத்தில் பனி கோர்ப்பது 20 டிகிரிக்குக் கீழேதான். 27 டிகிரி, 85 சதவீதம் என்ற அடைமழை நாளில் 24 டிகிரியிலேயே கோர்க்க ஆரம்பிக்கும். உவரி, திருச்செந்தூர் போன்ற கடலோரத்தில் 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் 26 டிகிரியை நெருங்கிவிடும். கோடைக்கு 22 அல்லது 23, மழைக்காலத்துக்கு 25 அல்லது 26, கடலோரக் கடையில் அதற்கும் ஒரு டிகிரி கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று குழாய் இருக்கும் பின்பக்கக் கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஏசி போட்டால் தீராதா என்று கேட்பார்கள். வெட்டும்போது புகையை உறிஞ்சும் 550 வாட் புளோயர் அறையின் குளிர்ந்த காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். வெளியேறிய அளவு வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். ஏசியை நம்பிச் சில்லர் எண்ணைக் குறைக்கக் கூடாது.

அடுத்தது எந்தத் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் குழாய்க்கு ஆகாது. போர் தண்ணீரை நினைக்கவே வேண்டாம். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு படிவதோடு, உப்பின் வழியே மின்சாரமும் கசியும். தண்ணீரைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பது, பொறி பறப்பது எல்லாம் அப்படி வருவதுதான். வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரி கடையில் கேன் கேனாகக் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும். தொட்டிக்கு ஆறு ஏழு லிட்டர், குழாயிலும் ஹோஸிலும் நிற்பதற்கு இன்னும் ஒன்றிரண்டு லிட்டர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாசி பிடிக்கிறது என்று பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது, கார் கூலண்ட்டும் ஊற்றக் கூடாது. இரண்டுமே தண்ணீரில் மின்சாரம் ஓட வழி செய்யும். ஒளிபுகும் ஹோஸைக் கறுப்பு ஹோஸாக மாற்றி வெளிச்சம் படாமல் வைத்தால் பாசி தானாகக் குறையும். புதுத் தண்ணீர் ஊற்றியதும் பம்பை ஓடவிட்டுக் குழாயைக் கண்ணால் பாருங்கள். காற்றுக் குமிழி தங்கியிருந்தால் அந்த இடம் மட்டும் சூடாகிக் கண்ணாடி வெடிக்கும். தண்ணீர் வெளியேறும் முனை மேல்நோக்கி இருக்கும்படி குழாயைத் திருப்பி வைத்திருந்தால் குமிழி தங்காது.

தண்ணீர் ஓட்டத்தைக் கவனிக்கும் சென்சார் ஒன்று இருக்கும். அது அடிக்கடி தகராறு செய்கிறது என்று, பவர் சப்ளையில் இரண்டு முனையை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகும் சர்வீஸ் ஆட்கள் இருக்கிறார்கள். இது பச்சைத் துரோகம். பம்ப் நின்றாலும் லேசர் சுட்டுக்கொண்டே இருக்கும், குழாய் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. மாதம் ஒருமுறை, வேலை எதுவும் ஓடாத நேரத்தில் சில்லரை மட்டும் அணைத்துப் பாருங்கள். திரையில் தண்ணீர்ப் பிழை வர வேண்டும். வரவில்லை என்றால் அன்றைக்கு வெட்டு கிடையாது.

ஆடி மாதக் காற்று தனிக் கதை. பணகுடி, வள்ளியூர், தென்காசிப் பக்கத்தில் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்றின் வேகம் எல்லோருக்கும் தெரியும். புகைக்குழாயின் வாய் மேற்கே பார்த்திருந்தால் புகை முழுவதும் கடைக்குள்ளேயே திரும்பும். கிழக்குச் சுவரில் துளை போடுங்கள், அல்லது குழாயை மேலே கொண்டுபோய்த் தொப்பி மாட்டுங்கள். வளைவு குறைவாக இருக்கட்டும். அந்த மாதங்களில் சில்லரின் பக்கவாட்டுத் தூசி வலையை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டாவிட்டால் கம்ப்ரசர் மூச்சுத் திணறும்.

எர்த் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மிஷினுக்கென்று தனி எர்த் குழி, கரியும் உப்பும் போட்டு. நம் பக்கத்துச் சரள் மண்ணும் தேரி மணலும் கோடையில் ஈரமே இல்லாமல் காய்ந்துவிடும், அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் போய் வந்தால் முதலில் சில்லர், தண்ணீர் எண்ணுக்கு வந்த பிறகே லேசர். பின்கதவைத் திறக்கும் முன் மெயினை அணைத்துச் சில நிமிடம் பொறுங்கள், குழாய்க்குப் போகும் சிவப்பு ஒயர் பக்கம் கை போகவே கூடாது.

லென்ஸ், மிரர் பற்றிச் சுருக்கமாக. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மரக்குச்சிப் பஞ்சு. ஒரு தடவை இழுத்த பஞ்சைத் திரும்பத் தேய்க்கக் கூடாது. சானிடைசர் ஆகாது, அதில் உள்ள கிளிசரின் படிந்து கருகும். ஆல்கஹால் முழுக்க உலர்ந்த பிறகே சுட வேண்டும். லென்ஸ் ஜிங்க் செலனைடு. உடைந்தால் தூளை வெறுங்கையால் தொடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து மூடிப் போடுங்கள், விஷம். வெட்டும் இடத்தில் ஊத ஏர் கம்ப்ரசர் காற்று கொடுப்பவர்கள் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் கொடுத்தால் மழைக்காலத்தில் லென்ஸில் எண்ணெயும் தண்ணீரும் தெறிக்கும்.

பொருளைப் பொறுத்தவரை ஒன்றில் பிடிவாதமாக இருங்கள்: பிவிசி எந்த ரூபத்திலும் மேசையில் ஏறக் கூடாது. ஃபிளெக்ஸ் கடைக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சன்போர்டு, வினைல் ஸ்டிக்கர், ரெக்ஸின் எல்லாமே பெரும்பாலும் பிவிசிதான். சூட்டில் கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் அரிக்கும், லென்ஸ் தலை ஓடும் ரெயிலையும் அரிக்கும். சந்தேகம் வந்தால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பொருளில் தொட்டு, திரும்பத் தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வெட்டு ஓடும்போது ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், டீ குடிக்கப் போகக் கூடாது. அக்ரிலிக் பற்றிக்கொண்டால் மூடியின் கண்ணாடி வரை சுடர் ஏறச் சில விநாடி போதும். தேன்கூட்டு மேசைக்கு அடியில் சேரும் துண்டும் பிசினும்தான் தீக்கு விறகு, தினமும் கூட்டி எடுங்கள். அணைப்பானும் கார்பன் டை ஆக்சைடு வகைதான் வாங்க வேண்டும். பவுடர் வகை தீயை அணைக்கும், ஆனால் ரெயில், மிரர், ஃபேன் எல்லாவற்றிலும் புகுந்து மிஷினையும் முடித்துவிடும். மூடி சுவிட்சைக் கட்டிப் போட்டுத் திறந்துவைத்து ஓட்டுவதும் வேண்டாம். 10.6 மைக்ரான் கதிர் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கதிரை மூடியின் அக்ரிலிக் தடுத்துவிடும். அதே நம்பிக்கையில் சின்ன டயோடு மிஷினுக்கு வெறும் அக்ரிலிக் மறைப்பு வைக்காதீர்கள், அந்த நீல ஒளி ஊடுருவிக் கண்ணுக்கே வரும்.

வெட்டுக்கும் வேகத்துக்கும் வருமானத்துக்கும் நல்ல மார்க் போட்டுவிட்டேன். ஆனாலும் இப்போது இறங்கியிருக்கும் விலையில் இந்த மிஷினை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கொட்டேஷனை வரி வரியாகப் படித்தால் விலை எங்கே குறைந்தது என்று தெரிந்துவிடும்: சில்லர் வரியில்தான். 3000 பெட்டியை எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் சில்லர் தருகிறீர்களா, குழாய்க்குத் தனி வாரண்டி எழுதித் தருகிறீர்களா, தண்ணீர் சென்சாரை என் கண் முன்னால் சோதித்துக் காட்டுவீர்களா என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.