அலார் டூல் கிட்: வலது இருக்கையிலிருந்து ஒரு விமர்சனம்

ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது வலது இருக்கைத் துணை விமானியாக, எனக்கு இது நாலாவது வருஷம். ஃப்ளைட் பையில் மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன தாள் ஒன்று இருக்கிறது. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட அலார் டூல் கிட்டிலிருந்து அச்செடுத்தது.

இறங்கி வரும்போதும் தரை தொடும்போதும் நடக்கும் விபத்துகளைக் குறைக்க உருவான தொகுப்பு இது. முன்பு சிடியாக வந்தது. அதிலுள்ள 34 குறிப்புகளும் இப்போது இணையத்தில் இலவசம். 1984 முதல் 1997 வரையிலான 76 விபத்துகளையும் பெரிய அசம்பாவிதங்களையும் அலசியதில், 66 சதவீதத்தில் விமானம் நிலைப்படாமல் இறங்கியதும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

என் தாள், நிலையாக இறங்குவதைப் பற்றிய 7.1 என்ற குறிப்பு. மேகத்துக்குள் வந்தால் தரைக்கு மேல் 1000 அடி உயரம், வெளியே தெளிவாகத் தெரிந்தால் 500 அடி. அந்த உயரத்துக்கு வருவதற்குள் பாதை, வேகம், ஃப்ளாப்ஸ் (இறக்கை மடிப்புகள்), கியர் (சக்கரங்கள்), செக்லிஸ்ட் எல்லாம் அமைந்துவிட வேண்டும். வேகம் விரெஃப்புக்கு, அதாவது இறங்குவதற்குக் கணக்கிட்ட அடிப்படை வேகத்துக்கு, குறையவும் கூடாது, அதைவிட 20 நாட் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) வேகத்துக்கு மேல் கூடவும் கூடாது. இறக்கம் நிமிஷத்துக்கு 1000 அடியைத் தாண்டக் கூடாது. ஒன்று தவறினாலும் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். களைத்துப்போன மூளைக்கும் சட்டென்று புரியும்படி இதைவிட நன்றாக எழுத முடியாது.

போன ஐப்பசியில் தூத்துக்குடி வாகைக்குளத்தில் நல்ல மழை. 1000 அடியில் வேகம் 24 நாட் கூடுதல். "கோ-அரவுண்ட்" என்றேன். கேப்டன் மறுபேச்சில்லாமல் பவர் கொடுத்தார். சுற்றி வந்து இறங்கினோம், 12 நிமிஷம் தாமதம்.

ரன்வே நீளத்தைப் பற்றிய 8.3 குறிப்பையும் படியுங்கள். 10 நாட் பின்காற்று தேவையான தூரத்தை ஏறக்குறைய 20 சதவீதம் கூட்டும்; நனைந்த ரன்வே 30 முதல் 40 சதவீதம். 2020இல் கோழிக்கோடு விமான விபத்தில் மழையில், பின்காற்றோடு, 8858 அடி ரன்வேயில் 4438 அடி தாண்டித்தான் சக்கரம் பட்டது. 21 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கணக்கை இப்போது ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்க்கிறேன்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. கோ-அரவுண்டுக்குத் தயாராக இரு என்று தொகுப்பு நன்றாகவே சொல்கிறது. சீனியர் கேப்டன் காதில் வாங்காவிட்டால் ஜூனியர் அடுத்து என்ன செய்வது என்பதில் அந்த அழுத்தம் இல்லை. 2010இல் மங்களூர் விமான விபத்தில் துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் சொன்னார் என்கிறது விசாரணை அறிக்கை. இறந்தவர்கள் 158 பேர். நிலைப்படாத இறக்கங்களில் 97 சதவீதம் அப்படியே தரை வரை தொடர்கின்றன என்று இதே அமைப்பு பிற்பாடு கண்டறிந்தது. விதி தெரியாததாலா இது? இல்லை. தொண்டை அடைத்துக்கொள்கிறது.

அதனால் இறங்குவதற்கு முன் பேசிக்கொள்ளும் ப்ரீஃபிங்கிலேயே கேட்டுவிடுகிறேன்: "சார், ஆயிரம் அடில செட் ஆகலன்னா நான் கோ-அரவுண்ட் சொல்லுவேன், எடுத்துடலாமா?" இதுவரை ஒருவரும் வேண்டாம் என்றதில்லை.