பின்புற ஷெட்டுக்குக் கரன்ட்: மேலேயா, மண்ணுக்குள்ளேயா?

வீட்டுக்குப் பின்னால் 30 மீட்டர் தள்ளி ஒரு தகர ஷெட். உள்ளே வெல்டிங் மெஷின், கிரைண்டர், ஒரு ஃபேன், இரண்டு டியூப்லைட். சமையலறை பிளக்கிலிருந்து வொயர் இழுத்து இதைச் சமாளிக்க முடியாது, ஷெட்டுக்கென்று ஒரு சின்ன டிபி (கரன்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி) வேண்டும். இதுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த டிபி வரை கரன்டைக் கொண்டுபோவதில்தான் ஆளுக்கொரு யோசனை.

சுவரில் கொக்கி அடித்து, ஜிஐ கம்பி கட்டி, அதில் வொயரைத் தொங்கவிடுவது மலிவான வழி. அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் தோட்டத்தில் தென்னை இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடலாம். ஒரு மட்டை விழுந்து வொயர் அறுந்தால், அது போய்க் கிடக்கும் இடம் தகரக் கூரையாக இருக்கும். சாதாரண வீட்டு வொயரின் உறை வெயிலில் வெடித்தும் போகும்.

பிவிசி பைப்பை மண்ணில் புதைத்து, அதற்குள் அதே வொயரை ஓட்டுவது இரண்டாவது வழி. பார்க்கச் சுத்தமாக இருக்கும். மழைக்காலத்தில் பைப்புக்குள் தண்ணீர் நிற்கும், மண்வெட்டி ஒரே போடில் பைப்பைப் பிளந்துவிடும், பெருச்சாளி வேறு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

மூன்றாவது, ஆர்மர்டு கேபிள், அதாவது உறைக்குள் இரும்புக் கவசம் சுற்றிய கேபிள். 75 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, மணல் பரப்பி, கேபிளைப் போட்டு, மறுபடி மணல், மேலே செங்கல். பள்ளம் தோண்டும் கூலி உறுத்தும்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

காப்பரா, அலுமினியமா? 6 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 6 சதுர மில்லிமீட்டர்) காப்பருக்கும் 10 ஸ்கொயர் அலுமினியத்துக்கும் தடை ஏறக்குறைய ஒன்றுதான்: கிலோமீட்டருக்கு 3.08 ஓம். வெல்டிங் மெஷின் 25 ஆம்பியர் இழுத்தால் இந்த 30 மீட்டரில் போக, வர சேர்த்து 4.6 வோல்ட் குறையும். 2.5 ஸ்கொயர் காப்பர் போட்டால் 11 வோல்ட் போய்விடும். விலையைப் பார்த்தால் அலுமினியம் போதும். ஒரே நிபந்தனை, முனையில் லக் (உலோக முனைக்கொண்டி) போட்டு, அதை ஒழுங்காக அழுத்தி இறுக்க, அதாவது கிரிம்ப் செய்ய வேண்டும். லூசாக விட்டால் அந்த இடம் சூடாகிக் கருகும்.

அதிகம் குழப்புவது எர்த். ஷெட்டுக்குத் தனி எர்த் குழியா, வீட்டு எர்த்தையே நீட்டுவதா? தனிக் குழி போட்டாயிற்று, இனி ஷாக் அடிக்காது என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழியின் தடை 5 ஓம் என்றால், மெஷின் பாடியில் ஃபேஸ் பட்டாலும் ஓடுவது 46 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் சி-கர்வ் வகை எம்சிபி (கரன்ட் அதிகமானால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழ, குறைந்தது 160 ஆம்பியராவது வேண்டும். எம்சிபி விழும்வரை பாடியில் கரன்ட் இருக்கும். வீட்டு எர்த்தும் ஒரு குழிதானே, அதை மட்டும் நம்பினாலும் இதே கதை. மூன்று கோர் (உள்கம்பி) கேபிள் வாங்கி ஒரு கோரை எர்த்தாக ஓட்டி, ஷெட் குழியையும் அதோடு சேர்த்துவிடலாம். கேபிளின் ஆர்மரையும் கிளாண்டு (கேபிளைப் பெட்டியில் இறுக்கும் உலோகப் பிடி) போட்டு எர்த்தில் இணைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் ஷெட் டிபியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் விடாதீர்கள்.

ஷெட் லைனை வீட்டு ஆர்சிசிபிக்குப் பிறகு எடுத்தால், கிரைண்டரில் ஈரம் பட்டாலும் வீடே இருளலாம். அதற்கு முன்னாலிருந்து தனி எம்சிபி வழியாக எடுத்து, அந்த லைனின் வீட்டு முனையில் கொஞ்சம் தாமதித்து விழும் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தால், கோளாறு ஷெட்டோடு நின்றுவிடும். அப்புறம், ஷெட் டிபியில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கவே கூடாது. மெயினில் கை வைக்கும் வேலை என்பதால் லைசென்ஸ் உள்ளவரிடமே கொடுங்கள்.

சொந்த உபயோகத்துக்கு இது சரி. அதே ஷெட்டில் காசு வாங்கி வெல்டிங் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால், தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பிலிருந்து எடுக்கக் கூடாது. அதற்கான கட்டணப் பிரிவில் தனி சர்வீஸுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பள்ளம் தோண்டுங்கள்.