பூட் ஆகாத லேப்டாப்பைக் கொடுத்தேன்: 8,500 போச்சு, டேட்டாவும் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆப்பில் பதிவு செய்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பி, லேப்டாப்பை எடுத்துப்போய், சரிசெய்து திரும்பக் கொண்டுவந்து தருகிறார்களே, அந்த மாதிரி சேவை ஒன்றில் 8,500 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை. ஏற்கெனவே போனில் 'லீகல் டீம்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். இதே நிலையில் நீங்கள் மாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

தம்பிக்கு விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட ஆசை. பென்டிரைவில் பூட் செய்து (அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பி), டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும் ஜிபார்ட்டட் மென்பொருளில் இடம் ஒதுக்கும்போது 100 எம்பி அளவில் இருந்த ஒரு குட்டிப் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் ஒரு பாகத்தை, இது எதற்கு என்று அழித்துவிட்டான். அவ்வளவுதான். அடுத்த முறை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்', கிளம்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம். சி, டி இரண்டையும் யாரும் தொடவே இல்லை. டி டிரைவில்தான் என் மனைவியின் ஆய்வேடு, அதற்காக எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவுகள் எல்லாம் இருந்தன.

வந்த டெக்னீஷியன் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். உட்கார்ந்து, விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய், திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க சார், எஸ்எஸ்டி பேரு காட்டுது, டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல" என்றான். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற புது வகை டிஸ்க். இப்படி நேராகக் காட்டிப் பேசுகிற ஆள் கிடைத்ததே என்று எனக்கு அப்போதே பாதி நிம்மதி. டி டிரைவைத் தொடவே கூடாது, அதில் இருப்பது திரும்ப எழுத முடியாதது என்று சொன்னேன். "என் பொறுப்பு சார், டேட்டா அப்படியே வரும்." அதை எங்கேயாவது எழுதிக்கொடுங்கள் என்றேன். "ஆப்ல அந்த ஆப்ஷன் இல்ல சார், நான்தான் சொல்றேன்ல" என்று சிரித்தான். மனைவியும் பக்கத்தில்தான் இருந்தாள். கொடுத்து அனுப்பினோம்.

அப்புறம் வேறு ஒருவர் போன் செய்தார். பயாஸ் கரப்ட் ஆகிவிட்டதாம், சிப் லெவல் வேலையாம், 'டேட்டா பாதுகாப்பு' கட்டணமும் சேர்த்து 8,500. நன்றாகக் கவனியுங்கள், டேட்டா பாதுகாப்பு என்று பில்லில் தனி வரியே இருக்கிறது. அதற்குத்தான் சரி என்றேன்.

கொண்டுவந்து கொடுத்தது மூன்றாவது ஆள். பையைத் திறப்பதற்கு முன்பே ஓடிபி கேட்டான், சொன்னால்தான் லேப்டாப்பைக் கையில் கொடுக்க முடியுமாம். சொன்னோம். அந்த நொடியில் ஆப்பில் 'பணி திருப்திகரமாக முடிந்தது' என்று வந்துவிட்டது. திறந்து பார்த்தால் புத்தம் புது விண்டோஸ். ஒரே ஒரு சி டிரைவ், 476 ஜிபி. டி என்று ஒன்று இல்லவே இல்லை. மொத்தத்தையும் அழித்து, ஒன்றாக்கி, ஃபார்மட் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆன் ஆகிறதா, ஆகிறது. அதற்கு 8,500.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் அன்று இரவே வந்து பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வயிறு எரிந்தது. தம்பி அழித்த அந்தக் குட்டிப் பார்ட்டிஷன்தான் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், விண்டோஸைக் கிளப்பிவிடும் பூட் கோப்புகள் இருக்கிற இடம். அது போனால் விண்டோஸும் நம் கோப்புகளும் அங்கேயே பத்திரமாக இருக்கும், உள்ளே போக வழிதான் இருக்காது. விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதில் டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியைக் கொண்டு அதே காலி இடத்தில் மறுபடி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மட் செய்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை எழுதினால் கதை முடிந்தது. தெரிந்தவனுக்கு ஒரு டீ ஆறும் நேரம். சாவி தொலைந்த வீட்டுக்குப் பூட்டை மாற்றாமல், வீட்டையே இடித்துக் காலி மனையாகக் கொடுத்துக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்.

பயாஸ் கரப்ட் என்றதும் பொய். பயாஸ் போயிருந்தால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று காட்டக்கூடத் திரை வந்திருக்காது, அந்தப் பையன் பயாஸ் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டியிருக்கவும் முடியாது. அழிந்ததை மீட்கும் மென்பொருள்களான டெஸ்ட்டிஸ்க்கைப் போட்டு நண்பர் தேடினார், ஃபோட்டோரெக்கும் ஓட்டினார். ஒன்றும் வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஃபார்மட் ஆன பிறகும் பெரும்பகுதியை மீட்டிருக்கலாமாம். எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஃபார்மட் செய்யும்போதே 'ட்ரிம்' என்று ஒரு கட்டளை போகிறது, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று. அதற்குப் பிறகு படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான்.

இன்னொரு கொடுமை. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் ஹோம் எடிஷன் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது, அதே எடிஷனைப் போட்டிருந்தால் இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகியிருக்கும். இவர்கள் ப்ரோ எடிஷனைப் போட்டு, திருட்டு ஆக்டிவேட்டர் ஓட்டி, அதை ஆன்டிவைரஸ் பிடிக்காமல் இருக்க விலக்குப் பட்டியலிலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சரி, புகார் கதைக்கு வருகிறேன். ஆப்பில் முதலில் பேசுவது மெஷின். மனிதர் வேண்டும் என்று கெஞ்சிய பிறகு வந்தவர், "டிஸ்க் கரப்ட் ஆகியிருந்தது சார், அதனால் டேட்டா எடுக்க முடியவில்லை" என்றார். டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று உங்கள் ஆளே காட்டினாரே என்றால், அவர் பார்ட்னர், கம்பெனி ஊழியர் இல்லையாம். அந்தப் பையனுக்குப் போன் செய்தால், "நான் பிக்கப் மட்டும்தான் சார், வொர்க்‌ஷாப்ல கேளுங்க." வொர்க்‌ஷாப் எண் கேட்டால் ஆப் வழியாகத்தான் பேச வேண்டும் என்கிறார்கள். ஆப்பில் மறுபடி மெஷின். கடைசியாக ஒரு மேலாளர், விதிமுறைகளில் டேட்டாவுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று இருக்கிறது, நீங்கள் ஓடிபி கொடுத்து ஒப்புக்கொண்டீர்கள் என்றார். அப்படியானால் டேட்டா பாதுகாப்பு என்று எதற்குப் பணம் வாங்கினீர்கள்? அதற்குப் பதில் இல்லை. 'நல்லெண்ண அடிப்படையில்' அடுத்த சர்வீஸுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம்! 8,500 கேட்டால் கூப்பன்! மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, பேட்டி கொடுத்தவர்களின் எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக நாலு வார்த்தை. பார்ட்டிஷன் குளறுபடி என்று தெரிந்ததும் அந்த டிஸ்க்கில் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் ஆமாம் சொல்லாதீர்கள். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தால் கோப்புகள் பெரும்பாலும் கண்ணில் படும், அப்படியே வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வழியில்லாமல் யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள், அல்லது 'ஃபார்மட் செய்யக்கூடாது' என்று எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் கொடுக்காதீர்கள். திறந்து பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள், வந்தவன் வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் சரி.