பைத்தானின் லிஸ்ட்டும் நான் தேடிய லிங்க்டு லிஸ்ட்டும்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எட்டு ஆண்டுகளாகப் பைத்தானில் நிரல் எழுதி வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள், பல பொருள்களை வரிசையாக வைக்க அதில் உள்ள லிஸ்ட் என்ற அமைப்பின் பெயரை நம்பி, கல்லூரியில் சி மொழியில் பாயின்டர்களைக் (நினைவக முகவரிகளை) கோத்துக் கட்டிய லிங்க்டு லிஸ்ட்தான் (ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் சங்கிலி) அதற்குள்ளும் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அது, பொருள்களின் முகவரிகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து, தேவைக்கேற்ப வளரும் அரே.

செய்ய வேண்டிய வேலைகளை அப்பெண்ட் மூலம் பின்னால் சேர்த்து, பாப்(0) மூலம் முன்னாலிருந்து எடுக்கும் நிரல் ஒன்றை எழுதியபோதுதான் இந்தத் தவறு வெளிப்பட்டது. சில நூறு வேலைகள் வரை குறை தெரியவில்லை. எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டதும் நிரல் ஊர்ந்தது. முதல் உறுப்பை எடுக்கும் ஒவ்வொரு முறையும், மீதமுள்ள முகவரிகள் அனைத்தும் ஓரிடம் முன்னே நகர்த்தப்படுகின்றன.

பின்னால் சேர்ப்பது மட்டும் ஏன் மலிவு என்பதை, ஒரு பொருள் எடுக்கும் நினைவகத்தைப் பைட்டில் சொல்லும் கெட்சைஸ்ஆஃப் காட்டிக் கொடுத்தது. 64 பிட் கணினியில் வெற்று லிஸ்ட் 56 பைட் காட்டுகிறது. ஓர் உறுப்பை அப்பெண்ட் செய்ததும் 88 ஆகி, நான்காம் உறுப்பு வரை அப்படியே நின்று, ஐந்தாவதில் 120 ஆகிறது. முகவரி ஒன்றுக்கு 8 பைட் வீதம், நான்கு இடங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறது.

பிறகு நானே நோடு (சங்கிலியின் ஒரு கண்ணி) வகுப்பு எழுதி லிங்க்டு லிஸ்ட் கட்டினேன். முன்னாலிருந்து எடுப்பது எளிதாயிற்று. ஆனால் ஒவ்வொரு நோடும் தனிப் பொருள் என்பதால் நினைவகம் வீங்கியது, முழுவதும் சுற்றி வருவதும் லிஸ்ட்டைவிட மெதுவாகவே இருந்தது. நடுவில் செருகுவது மலிவு என்று பாடநூல்கள் சொல்வது, செருகும் இடத்து நோடு ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டுமே பொருந்தும். அதைத் தேடிப் போகும் செலவை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இறுதியில் அமைந்தது, 2004இல் பைத்தான் 2.4உடன் வந்த டெக் (deque). (டிக்யூ என்றே நெடுநாள் உச்சரித்து வந்தேன்.) 64 இடங்கள் கொண்ட சிறு அரேக்களை இருபுறமும் இணைத்த சங்கிலி அது, இரு முனைகளிலும் வேகம் குன்றாது, நடு உறுப்பை எண்ணிட்டுக் கேட்டால் மட்டும் தயங்கும்.

முழுமையான லிங்க்டு லிஸ்ட்டின் பயனை ஆர்டர்டுடிக்ட்டில்தான் (சேர்த்த வரிசையை நினைவில் வைக்கும் அகராதி; அகராதி என்பது சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தருவது) கண்டேன்: அகராதியே நோடைச் சுட்டிக் காட்டிவிடுவதால், ஓர் உறுப்பைக் கடைசிக்கு நகர்த்த அங்கே எதையும் தேட வேண்டியதில்லை.