சிறிய டிராக்டரில் ஸ்னோப்ளோயர்: முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா?

கனடாவின் ஒன்டாரியோவில், ஹூரான் ஏரியை ஒட்டிய ஊர்களில், உறையாத ஏரி நீரைக் கடந்து குளிர்காற்று வீசும் நாட்களில் ஒரே இரவில் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டிவிடும். வீட்டிலிருந்து சாலை வரை நீண்ட சரளைப் பாதை வைத்திருப்பவர்களுக்குச் சிறிய டிராக்டரும், அதில் மாட்டிப் பனியை வாரித் தூர எறியும் இயந்திரமான ஸ்னோப்ளோயருமே கைகொடுக்கும். இரு வகையையும் ஓட்டிப் பார்த்த பின் முன்னால் மாட்டும் வகையையே நான் வாங்கினேன்; ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பின்புற வகையின் நன்மைகள் பலரும் அறிந்தவை. விலை குறைவு, பாகங்களும் குறைவு. டிராக்டரின் பின்னால் கருவிகளை மாட்டும் மும்முனை இணைப்பில் மாட்டி, நிமிடத்துக்கு 540 முறை சுழலும் பின்புற பிடிஓவோடு (இன்ஜின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல்முனை) தண்டைச் சேர்த்தால் போதும். எடை பின்சக்கரங்களின் மேல் இறங்குவதால் பிடிமானம் கூடும். முன்னாலுள்ள லோடரையும் (அள்ளித் தூக்கும் வாளிக் கருவி) கழற்ற வேண்டாம். விற்கும்போது, அதே அளவு இணைப்பும் போதிய குதிரைத்திறனும் உள்ள எந்த நிறுவனத்தின் டிராக்டர் வைத்திருப்பவரும் வாங்கிக்கொள்வார். முன்புற வகை அந்தந்த மாடலுக்கென்று செய்த சட்டகத்தில்தான் உட்காரும் என்பதால், மறுவிற்பனையில் அது பின்தங்குகிறது.

இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: ஓட்டுபவர் எந்தப் பக்கம் பார்த்து வேலை செய்கிறார் என்பது. பின்புற ஸ்னோப்ளோயரில் பாதை முழுவதையும் ரிவர்ஸில்தான் கடக்க வேண்டும். இடுப்பை முறுக்கி, கழுத்தைத் திருப்பி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பின்னோக்கிச் செலுத்தும் பெடலைக் காலால் அளந்து மிதிக்க வேண்டும். இதை வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி நம் பாதையின் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் குவியலை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் மணலும் கலந்து இறுகிய அந்தக் கட்டிகளை அங்குலம் அங்குலமாகத்தான் கடிக்க வேண்டும். முன்னால் ஆகர், அதாவது பனியைக் கடித்து உள்ளே இழுக்கும் திருகு, சுழல்வது கண்ணெதிரே தெரியும்போது, கட்டி உருண்டு வருவதையும், எறிகுழலிலிருந்து பனி சீராகப் பறக்காமல் திக்கித் திக்கி விழுவதையும் கண்ட கணமே வேகத்தைக் குறைக்க முடிகிறது. பின்னால் திரும்பிப் பார்த்து ஓட்டுகையில் அந்த அறிகுறி பெரும்பாலும் பிந்தியே கண்ணில் படும். அதற்குள், இயந்திரத்தைக் காக்கத் தானே முறியும்படி வைத்த ஷியர் போல்ட் முறிந்திருக்கும். சாலை விளிம்பில் வரும் வாகனத்தைக் கவனிப்பதற்கும் முன்னோக்கிய பார்வையே பாதுகாப்பானது.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. டிராக்டரின் வயிற்றுக்கடியில் ஓடும் தண்டின் மூட்டுகளுக்கு கிரீஸ் அடிக்கப் பனியில் படுக்க வேண்டும். எடை முன் அச்சில் ஏறிப் பின்சக்கரங்கள் வழுக்குவதால், பின்னால் எடைப்பெட்டியும் சக்கரங்களுக்குச் சங்கிலியும் கட்டாயம். லோடரைக் கழற்றி வைத்தால் குளிர்காலம் முடியும் வரை அதன் உதவி கிடையாது. எங்கள் பாதை பெரும்பாலும் சமதளம். செங்குத்தான சரிவில் நான் ஓட்டியதில்லை, அங்கே பின்புற எடையே மேலாகலாம். சரளைப் பாதையில் இரண்டுக்கும் பொது விதி ஒன்று: தரை உறையும் வரை ஸ்னோப்ளோயரைத் தாங்கும் அடிச்சறுக்கிகளைக் கீழே இறக்கி, அதன் அடி விளிம்பைத் தரையிலிருந்து ஓர் அங்குலமாவது உயர்த்தி வைக்காவிட்டால் பனியோடு கல்லும் பறக்கும்.

முன்புற வகையை விரும்புபவர்கள் டிராக்டர் வாங்கும்போதே நடுப்பகுதி பிடிஓ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இவ்வகை ஸ்னோப்ளோயர்கள் பெரும்பாலும், நிமிடத்துக்கு 2000 முறைக்கு மேல் சுழலும் அந்தத் தண்டிலிருந்தே விசை பெறுகின்றன. அது இல்லாத பழைய டிராக்டர் ஏற்கெனவே கையில் இருந்தால், தயங்காமல் பின்புற வகையையே வாங்குங்கள்.