டயரியா, புள்ளி நோட்டா, ஃபோனா, கணக்குக் கொப்பியா?

எழுதுவது, கீறுவது, கண்டதை ஒட்டுவது எல்லாம் கலந்த ஒரு நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நாலு விதமாகத் தொடங்கினேன். மூன்று பாதியில் நின்றன.

திகதி போட்ட டயரி புதுவருடத்துக்கு வங்கியிலோ காப்புறுதிக்காரரிடமோ சும்மா கிடைக்கும். நல்லது அவ்வளவுதான். காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் நாலு வெற்றுப் பக்கம் முறைக்கும். லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊன்றச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை என்று கணக்கு. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பில்லையாம். டயரிக்கு அது தெரியாதே! தவிர, கொழும்புப் பேர வாவியில் வெசாக் கூடு பார்த்த இரவுக்கும் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் அது ஒரே அளவு இடம்தான் தரும்.

அடுத்தது புள்ளி நோட்டு, கோட்டுக்குப் பதில் வரிசையாகப் புள்ளி அச்சிட்ட தடித்த தாள் நோட்டு. ரைடர் கரோல் என்ற வடிவமைப்பாளர் 2013இல், குறிகளால் சுருக்கமாகக் குறிப்பெடுக்கும் புல்லட் ஜேர்னல் முறையை வெளியிட்ட பிறகு இதற்கு மவுசு கூடியது. அவருடைய முறையில் அலங்காரமே இல்லை: செய்ய வேண்டியதற்குப் புள்ளி, நடந்ததற்கு வட்டம், குறிப்புக்குச் சின்னக் கோடு. பூவும் கொடியும் பிறகு மற்றவர்கள் சேர்த்தவை. நான் பூவையும் கொடியையும் பார்த்துத்தான் வாங்கினேன். முதல் பக்கத்தை வேறு தாளில் மூன்று தரம் எழுதிப் பார்த்த பிறகே அதில் எழுதினேன் என்றால் பாருங்கள். அவ்வளவு விலை கொடுத்த தாளில் கோணல் கோடு விழுந்தால் மனம் கிடந்து பதறும். பதினோராம் பக்கத்தோடு மூடிவிட்டேன். ஆனால் நீர்வர்ணம் தீட்டுகிறவர்களுக்குத் தடித்த தாள்தான் சரி. அவர்கள் இதையே வாங்கட்டும்.

100ஆம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது ஃபோனை விட்டால் வேறு வழியில்லை. குரலில் பதியலாம், படம் எடுக்கலாம். எழுதத் திறந்த கை வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவதுதான் தொல்லை. 2022 மார்ச் கடைசியில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது பேட்டரியை மிச்சம் பிடிப்பதா, நாட்குறிப்பு எழுதுவதா?

அந்த இருட்டில், மெழுகுதிரி வெளிச்சத்தில், மகளின் பழைய கணக்குக் கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில் எழுதத் தொடங்கினேன். சதுரக் கோடு போட்ட சீ.ஆர். கொப்பி. புள்ளி நோட்டு செய்யும் வேலையில் முக்கால்வாசியை இது செய்கிறது: கட்டம் எண்ணி அட்டவணை போடலாம், வீட்டு வரைபடம் கீறலாம், நாளுக்கு ஒரு சதுரம் நிறம் தீட்டலாம். பிழைத்தால் வெட்டிவிட்டுப் போகலாம், கொப்பி என்றாலே பிழை விடும் இடம்தானே. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதும் அந்த மார்ச்சில்தான். அதன் பிறகு கொப்பியை மலிவு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் புள்ளி நோட்டின் விலைக்குப் பல கொப்பிகள் வாங்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. தாள் மெல்லியது, ஜெல் பேனை மறுபக்கம் தெரியும், போல்பொயின்ட் தெரியாது. வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரத்தில் தண்ணீர்ப் பசை தடவிய பக்கம் அப்பளம் போலச் சுருண்டுவிடும், அதனால் இப்போது குச்சிப் பசைதான். பஸ் டிக்கெட்டும் கடைப் பற்றுச்சீட்டும் ஒட்டி ஒட்டி, ரப்பர் பாண்ட் போடாமல் கொப்பி மூடுவதில்லை.